அலையடிக்காத கரையில் ஒரு வீடு

மகள் கையில் டெப் கணினியோடு குசினிக்குள் வந்தபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அன்று திங்கட்கிழமை. பாடசாலையால் வந்து, உடுப்பு மாற்றி, சாப்பிட்ட பிறகு அரை மணித்தியாலம் விளையாடலாம் என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. அந்த நேரம் முடியுமுன்பே வந்து நின்றாள்.

"உம்மா, எங்கட வீட்டக் காணல்ல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. கண்ணை அகல விழித்துக்கொண்டு, மூச்சு விடாமல், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னது நாங்கள் குடியிருக்கும் வீட்டை அல்ல. கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் மலையும் செய்கிற ஒரு விளையாட்டு இருக்கிறது. அதற்குள் அவளும் வாப்பாவும் சேர்ந்து ஒரு வருடமாகக் கட்டிய வீடு அது. மரப்பலகைச் சுவர், கண்ணாடி யன்னல் இரண்டு, கட்டில் இரண்டு, சுற்றிவர வேலி.

என் கணவர் கட்டாரில் சாரதி. அவர் போகும்போது மகளுக்கு ஐந்து வயது. இப்போது ஏழரை. முதல் வருடம் வீடியோவில் கதைப்போம். அவர் எத்தனை கேட்டாலும் இவளிடமிருந்து "ஓம்", "இல்ல" இரண்டும்தான் வரும். பிறகு அதுவும் குறைந்தது. போனைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவேன். அவள் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் போய் நின்றுகொள்வாள். சலாம் சொல்லு என்று கையைப் பிடித்து இழுத்த நாட்களும் உண்டு. அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் கதைத்து முடிந்து போனை வைத்த பிறகு, வாப்பாவுக்குக் கால் இருக்கிறதா என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஒன்றரை வருடமாக அவள் பார்த்தது முகத்தையும் தோளையும் மட்டும்தான்.

அதை நான் அவரிடம் சொன்ன பிறகுதான் அவர், கூட அறையில் இருந்த ஒருவரின் சொல்லைக் கேட்டு, இந்த விளையாட்டைத் தொடங்கினார். ஊருக்கு வந்த ஒருவரிடம் டெப் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு ஜும்ஆ முடிந்து ஓய்வு. எங்களுக்கு அது பின்னேரம் நான்கு மணி. டெப்பில் விளையாட்டும் என் போனில் அவர் குரலும் என்று ஒரு மணித்தியாலம் போகும். அந்த உலகத்தில் அவருக்கு முகம் சதுரம். ஆனால் கால் இருந்தது. அவர் முன்னால் நடந்தார். இவள் பின்னால் ஓடினாள். "வாப்பா இங்க பாருங்க, வாப்பா நில்லுங்க" என்று அவள் வாய் மூடாமல் கதைத்தாள். நான் அடுத்த அறையில் உடுப்பு மடிப்பதுபோல் இருந்து கேட்பேன். மடித்த உடுப்பையே உதறி மறுபடி மடிப்பேன்.

அந்த வீட்டைத்தான் தொலைத்துவிட்டு வந்து நின்றாள்.

எப்படித் தொலைந்தது என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டெடுத்தேன். வாப்பா இல்லாமல் வேலிக்கு வெளியே போகக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். இவளுக்குத் தூரத்தில் தெரிந்த வெள்ளை மலையைப் பார்க்க ஆசை. போகிற இடத்தில் தங்க வேண்டி வந்தால் என்ன செய்வது? நாங்கள் எங்கே தங்கப் போனாலும் பாயும் தலையணையும் கட்டிக்கொண்டு போகிறவர்கள். என் உம்மா வீட்டுக்கு இரண்டு நாளைக்குப் போனாலும் அப்படித்தான். அவளும் தன் கட்டிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டிருக்கிறாள். பாதி வழியில் பள்ளத்தில் விழுந்து, விளையாட்டுக்குள் அவளாக நடக்கும் பொம்மை செத்துப்போனது. அந்த விளையாட்டில் செத்தவர் தன் கட்டில் இருக்கும் இடத்தில்தான் மறுபடி எழும்புவார். வீட்டில் கட்டில் இல்லாதவருக்கு, முதல் நாள் அந்த உலகத்துக்குள் வந்த இடம்தான். அங்கேதான் அவள் எழும்பி நின்றாள். ஒரு புல்வெளி. அங்கிருந்து வாப்பாவும் மகளும் ஒரு வருடத்துக்கு முன் நடந்துபோய் வீட்டுக்கு இடம் பார்த்தார்கள். எந்தப் பக்கம் போனீர்கள் என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியா உம்மா. நான் வாப்பாட முதுகைத்தானே பார்த்துப் போன."

பிறகு, "வாப்பாக்குச் சொல்லாதீங்க" என்றாள்.

சொல்வதில்லை என்று தலையாட்டிவிட்டேன். ஆட்டிய உடனேயே அது சரியா என்று யோசனை வந்தது. ஏனென்றால் முந்திய நாள்தான் அவரும் என்னிடம் ஒன்றைச் சொல்லாதே என்று கேட்டிருந்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கிடைக்கும் என்றிருந்த லீவு இல்லை என்றாகிவிட்டது. அடுத்தது எப்போது என்று தெரியாது. மகள் சுவரில் தொங்கும் கலண்டரில் பெருநாளைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தாள். "நீ சொல்லிப் போடாத. வெள்ளிக்கிழம அந்த வீட்டுக்குள்ள வெச்சு நானே சொல்றன். அங்கன்டா அவ கேப்பா" என்றார்.

நான் அவரைப் புரிந்துகொண்டேன். வீடியோவில் சொன்னால் அவள் அலுமாரிக்குப் பின்னால் போய்விடுவாள். திரும்ப எப்போது வெளியே வருவாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அந்தக் கட்டை வீட்டில், யன்னல் பக்கத்தில் நின்றால் மட்டும்தான் அவள் வாப்பாவுக்கு மகளாக இருந்தாள். வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. இருவருடைய இரகசியமும் என்னிடம் இருந்தது. வீடு மட்டும் இல்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். அதுவரை நான் அந்த விளையாட்டைத் தொட்டதே இல்லை. இரண்டு பெருவிரலாலும் நடக்கவும் திரும்பவும் வேண்டும். ஐந்து நிமிடத்தில் தலை சுற்றியது. சுவரில் முட்டினேன், தண்ணீரில் விழுந்தேன். "உம்மா, நீங்க வானத்தப் பார்த்து நடக்கிறீங்க" என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. பிறகு நடப்பது அவள், யோசிப்பது நான் என்று பிரித்துக்கொண்டோம்.

வீட்டைப் பற்றி என்ன ஞாபகம் என்று கேட்டேன். யன்னலால் தண்ணீர் தெரியும், சூரியன் அந்தத் தண்ணீருக்குள்தான் விழும் என்றாள். எனக்கு நிம்மதியாகிவிட்டது. மேற்கே கடல். இதில் தொலைய என்ன இருக்கிறது?

கற்பிட்டிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வழி தவறுவது என்றால் என்னவென்று அவ்வளவாகத் தெரியாது. எங்கள் நிலம் ஒரு நீண்ட துண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. எந்தப் பற்றைக்குள் மாட்டிக்கொண்டாலும் ஒரே பக்கமாக நடந்தால் தண்ணீர் வரும். அலையடித்தால் கடல், அது மேற்கு. சும்மா கிடந்தால் களப்பு, அது கிழக்கு. அதற்குமேல் கரை பிடித்து நடக்க வேண்டியதுதான். யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை. கிப்லா எந்தப் பக்கம் என்று தெரிவதுபோல் இதுவும் உடம்போடு வருவது.

ஆகவே புல்வெளியிலிருந்து சூரியன் விழும் பக்கம் நடக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்தது. கடல் என்றேன். இந்தக் கரையோடேயே போ, வீடு வரும் என்றேன். தண்ணீரை இடப்பக்கம் வைத்துக்கொண்டு அவள் நடந்தாள். போகிற வழியில் இடைக்கிடை ஒரு தீப்பந்தம் குத்திக்கொண்டு போனாள். அரை மணித்தியாலம் என்ற எங்கள் வீட்டு ஒழுங்கை அன்று நான்தான் மீறினேன். அஸர் தொழ எழும்பும்வரை நடந்தோம். செவ்வாய்க்கிழமையும் நடந்தோம். ஒரு தரம் சூரியன் எங்கள் முதுகுப் பக்கம் விழுந்ததைக் கண்டேன். கரை வளைகிறது போலும், எங்கள் கரையும் வளையாமலா இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வழியில் ஒரு கழுதை நின்றது. மகள் துள்ளி எழும்பினாள். வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு கழுதை நிற்கும் என்றாள். எங்கள் ஊர் வீதியில் கழுதைகள் நிற்பது புதினமல்ல. அவள் பாடசாலைக்குப் போகும் தெரு முனையில் தினமும் இரண்டு நிற்கும், அதைக் கண்டால் திரும்ப வேண்டும் என்று சின்னதில் பழகியவள். அந்தக் கழுதையிடம் திரும்பினோம். சதுப்பு நிலம் வந்தது. திரும்பி வந்து பார்த்தால் கழுதை வேறோர் இடத்தில் நின்றது. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று.

புதன்கிழமை, முன்னால் ஒரு தீப்பந்தம் எரிவதைக் கண்டோம். வாப்பா வைத்தது என்று அவள் கத்தினாள். கிட்டப் போனோம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. எல்லாம் ஒரே மாதிரி. அவை நாங்கள் குத்தியவை. நாங்கள் கடல் என்று நினைத்தது ஒரு பெரிய குளம். இரண்டு நாளாக அதைச் சுற்றி வந்திருக்கிறோம்.

அந்த உலகத்தில் எந்தத் தண்ணீரும் அலையடிப்பதில்லை. கடலும் களப்பும் குளமும் ஒரே மாதிரிக் கிடக்கும். உப்பு மணமும் கிடையாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முகத்துக்குத் தெரியாது. இவ்வளவையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தும், என் ஊரை அதன் மேல் விரித்து வைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

மகள் டெப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு மதினி, என் கணவரின் தங்கை, கறி கொண்டு வந்தாள். அவள் கணவர் படகில் போகிறவர். என்ன நடந்தது என்று கேட்டாள், சொன்னேன்.

"பாயையும் சுருட்டிக்கிட்டுப் போனா ஊடு எங்க போய் நிக்கும்?" என்றாள். "நான் கடலுக்குப் போன மனுசனத் தேடி நிக்கிறன். நீங்க உம்மாவும் மகளும் டெப்புக்குள்ள ஊடு தேடுறீங்க. நல்ல குடும்பம்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் போன பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தவணைப் பரீட்சை கிட்ட வருகிறது. பிள்ளையை இரண்டு மணித்தியாலம் டெப்பில் வைத்திருக்கிறேன். கணவரிடம் ஒரு பொய், மகளிடம் ஒரு பொய். படித்த பெண் செய்கிற வேலையா இது? பேசாமல் அவருக்கு வட்ஸ்அப்பில் ஒரு சொல் போட்டால் முடிந்தது. எழுதினேன், அழித்தேன். அவர் அந்த வேளை வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார் என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

உண்மையில் என்னைத் தடுத்தது வேறு. மகள் சொன்ன ஒரு வார்த்தை: வாப்பாவின் முதுகைத்தான் பார்த்துப் போனேன் என்றது.

நானும் அப்படித்தான். அவர் வெளிநாடு போக முன்பு புத்தளத்துக்கு எத்தனை தரம் போயிருப்பேன். அவருடைய முச்சக்கர வண்டியில் பின்னால் இருந்து போனேன், இறக்கிவிட்ட இடத்தில் இறங்கினேன். அவர் போன மூன்றாம் மாதம் மகளுக்குக் காய்ச்சல். அவளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். டொக்டரைக் காட்டி, மருந்து எடுத்து, வெளியே வந்தேன். வந்த வாசல் அதுவல்ல போல இருந்தது. ஒரு கடையும் தெரிந்த கடையாக இல்லை. உண்மையில் அவை நான் சற்று முன் கடந்து வந்த கடைகள்தான். போகும்போது அவற்றின் ஒரு பக்கத்தைக் கண்டிருந்தேன். திரும்பும்போது மறுபக்கம் தெரிந்தது. சுடும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் ஒரே இடத்தில் நின்றேன். வழி கேட்க வெட்கம். படித்தவள், தன் நகரத்தில் பஸ் நிலையம் எங்கே என்று எப்படிக் கேட்பது? கடைசியில் கேட்டேன்தான். அது ஐம்பது அடி தூரத்தில் இருந்தது.

அன்றிலிருந்து எங்கே போனாலும் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்ப்பேன். வரும்போது இது எப்படித் தெரியும் என்று பார்த்து வைப்பேன். மதினி சிரிப்பாள், கடன்காரன் பின்னால் வருகிறானா என்று கேட்பாள். அதுவே பழக்கமாகிவிட்டது. இதை ஏன் மகளுக்குச் சொல்லவில்லை என்று அந்தப் புதன்கிழமை என்னையே கேட்டேன். நான் கற்ற ஒரே ஒரு விஷயம். அதையும் வைத்துக்கொண்டு, பிறந்த ஊரை நம்பி, பிள்ளையைக் குளத்தைச் சுற்ற வைத்தேன்.

வியாழக்கிழமை புல்வெளியிலிருந்து மறுபடி தொடங்கினோம். இந்தத் தரம் வீட்டைத் தேடவில்லை. திரும்பி வரத் தெரியாமல் ஓர் அடியும் வைப்பதில்லை என்று பேசிக்கொண்டோம். தீப்பந்தம் வேண்டாம், அவை எல்லாம் ஒரே முகம். கழுதை வேண்டாம், அது நடக்கும். உயரமாக, அசையாததாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி ஏதாவது வேண்டும் என்றேன். என்ன கட்டலாம் என்று அவளையே கேட்டேன்.

முதலில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு தூண் எழுப்பினாள். என்ன என்று கேட்க முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது: அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டு. எங்கள் வீதியில் எங்கே நின்றாலும் தென்னைக்கு மேலால் அது தெரியும். அடுத்தது காற்றாலை. மூன்று கைகளில் ஒன்றைக் கோணலாக வைத்துவிட்டு, பரவாயில்லை, கோணல் என்றால் மறக்காது என்றாள். அதற்கடுத்தது பள்ளிவாசல் மினாரா, பச்சை முனையோடு. நான்காவதாகப் பெரிய சிலுவை ஒன்று வைத்தாள். ஏன் என்று கேட்டேன். தலவிலைத் தேவாலயத்துக்குத் திரும்பும் சந்தியில் பஸ்ஸிலிருந்து தெரிகிறதே என்றாள். சரிதானே.

கட்டும்போதுதான் இன்னொன்று விளங்கியது. டெப்பின் கண்ணுக்கு எட்டும் தூரம் குறைவு. அதற்கப்பால் எல்லாம் புகை மூட்டம்போல் மறைந்துவிடும். புகைக்கூண்டு எவ்வளவு உயரமானாலும் ஒரு தூரத்துக்குமேல் இல்லாமலே போனது. ஆகவே ஒன்று கண்ணைவிட்டு மறையுமுன் நின்று அடுத்ததைக் கட்ட வேண்டியிருந்தது. மகள் பின்பக்கமாக நடந்தாள். காற்றாலை மங்கும், மங்கும், "இப்ப நில்லு" என்பேன். அங்கே மினாரா எழும்பும். அப்படி ஒரு பின்னேரம் முழுக்கப் போட்டும் நாங்கள் சென்ற தூரம் கொஞ்சம்தான். ஆனால் போனோம், திரும்பி வந்தோம், மறுபடி போனோம். ஒரு தரமும் தவறவில்லை.

வீடு கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் அழைத்தபோது மகள் போனை எடுக்கவில்லை. டெப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என்ன செய்யட்டும் என்று அவள் கேட்கவில்லை. நான்தான் அவளைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, நான் சொல்கிறேன் என்று போனை வாங்கினாள்.

"வாப்பா, நான் வேலிக்கு வெளிய போன. கட்டிலையும் எடுத்துட்டுப் போன. இப்ப எனக்கு வீட்டுக்கு வரத் தெரியா."

திட்டப் போகிறார் என்று நான் போனை வாங்கக் கை நீட்டினேன். அவர், எங்கே நிற்கிறாய் என்று மட்டும் கேட்டார். முதல் நாள் வந்த புல்வெளியில் என்றாள். அப்படியென்றால் பயமில்லை, நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சிரித்தார். அவர் அந்த வீட்டுக்குள், தன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். கதவைத் திறந்து வெளியே வந்தார். வேலி வரை வந்தார். அதையெல்லாம் போனில் சொல்லிக்கொண்டே வந்தவர், அங்கே நின்றுவிட்டார்.

அவருக்கும் வழி தெரியவில்லை. முதல் நாள் ஏதோ ஒரு திசையில் நடந்து போனவர், பிறகு ஒரு தரமும் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் அந்த வீட்டுக்குள்ளேயே கண் விழித்தார். நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவர்; ஆனால் கட்டாரில் வழி சொல்வது போன். வலது, இடது என்று அது சொல்லும், அவர் திருப்புவார். இரண்டரை வருடமாக ஓட்டும் நகரத்தில் போன் இல்லாவிட்டால் தன் அறைக்குப் போகத் தெரியாது என்று ஒருநாள் என்னிடம் சொல்லியிருக்கிறார். பகிடி என்று நினைத்திருந்தேன்.

"வாப்பாக்கும் தெரியல மகள்" என்றார்.

நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். அலுமாரிப் பக்கம் போகப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கதிரையில் காலை மடித்து இருந்துகொண்டு, போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து, வாப்பாவுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினாள். தீப்பந்தம் குத்தாதீங்க. கழுதைய நம்பாதீங்க. கடல் என்று ஒன்றைக் கண்டால் அது கடல் இல்லாமலும் இருக்கலாம், உம்மா அப்படித்தான் ஏமாந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் முதலில் உயரமாக ஒன்று கட்டுங்க. அது மறைய முன்னுக்கு இன்னொன்று. ஒன்று மாதிரி மற்றது இருக்கக் கூடாது. திரும்பித் திரும்பிப் பார்த்து வாங்க.

"சரி டீச்சர்" என்றார் அவர்.

ஒரு மணித்தியாலம் அப்படிப் போனது. அவர் அங்கேயிருந்து கட்டிக்கொண்டு வந்தார்; இவள் இங்கேயிருந்து கட்டிக்கொண்டு போனாள். என்ன கட்டினீங்க என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். அவர் கண்ணாடிக் கட்டிடம் கட்டினார், கூட்டமாக நிற்கும் ஒட்டகம் கட்டினார். நடக்குமா என்று இவள் சந்தேகப்பட்டாள். கல்லால் செய்தது, நடக்காது என்று சத்தியம் பண்ணினார். இரண்டு பக்கமும் மற்றவர் கட்டியது தெரியவில்லை. எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்றும் தெரியவில்லை.

அவர் சொல்லாமலே விட்டுவிடுவாரோ என்று நான் நினைத்தேன். வீட்டுக்குள் வைத்துச் சொல்வதாக இருந்தவர், இப்போது வெட்டவெளியில் நிற்கிறார். சொல்லாவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன். சொல்லாவிட்டால் அந்தக் கலண்டர் வட்டத்தை நான் எத்தனை நாளைக்குப் பார்த்துக்கொண்டிருப்பது என்றும் நினைத்தேன். அவர் சொன்னார்.

"மகள், பெருநாளைக்கு வாப்பாக்கு வர ஏலாது. லீவு தரல்ல."

அவள் விரல்கள் நின்றன. டெப்புக்குள் அவள் பொம்மை பாதி கட்டிய தூணுக்குப் பக்கத்தில் நின்றது. நான் எழும்பி அவளிடம் போகவில்லை. போயிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவள் அழுதாள், சத்தமாக அழுதாள். நீங்க பொய் சொன்னீங்க என்றாள். போன தரமும் அப்படித்தான் சொன்னீங்க என்றாள். உங்களோட கோவம் என்றாள். ஒவ்வொரு சொல்லும் போனுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் ஓம், ஓம் மகள் என்று எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லிக்கொண்டிருந்தார். வீடியோவில் அவள் அவருக்குச் சொல்லும் "ஓம்" எனக்கு ஞாபகம் வந்தது.

அழுகை கொஞ்சம் அடங்கிய பிறகு, மூக்கைக் கையால் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க?"

"ஒட்டகத்துக்கிட்ட."

"அங்கேயே நில்லுங்க. நான் இன்னும் கட்டி முடியல்ல."

அதற்குப் பிறகு மூன்று வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. அவர்கள் இன்னும் சந்திக்கவில்லை. அந்த விளையாட்டில் நாம் நிற்கும் இடத்தை எண்களால் காட்டும் வசதி ஒன்று இருப்பதாக, மகளின் வகுப்பில் படிக்கும் பிள்ளையின் தாய் ஒருவர் சொன்னார். இரண்டு பேரும் தத்தம் எண்ணைச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கலாமாம். அதை நான் இரண்டு பேருக்கும் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது பாவமா, தெரியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன்.

அவள் அழுத அந்த வெள்ளிக்கிழமை, நேரம் முடிந்து மகள் முகம் கழுவப் போன பிறகு, அவர் வைக்காமல் நின்றார். போனைக் காதில் வைத்தேன்.

"கோவிச்சிட்டாவா?" என்று கேட்டார்.

"கோவம்தான்" என்றேன். "ஆனா கதைக்கிறா."

அதற்குப் பிறகும் அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.